அமினோ அமிலத்தைப் பிடிக்கும் அச்சுப் பாலிமர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கூறின் அச்சைப் பாலிமரில் பதித்து, அந்தப் பாலிமரை மின்முனையில் பூசி, அமினோ அமிலங்களை அளக்கும் உணரிகளைப் பற்றிய கேள்விகள் இவை. கேட்பவர்களில் பாதிப்பேர் முதுநிலை வேதியியல் மாணவர்கள். மீதிப்பேர் "இது எப்போது கடைக்கு வரும்?" என்று கேட்பவர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இது என்ன கருவி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கார்பன் அல்லது தங்க மின்முனை ஒன்று. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பாலிமர் படலம். நாம் தேடும் அமினோ அமிலம் மட்டும் உட்காரக்கூடிய குழிகள் அந்தப் படலத்தில் இருக்கின்றன. குழிகள் நிரம்ப நிரம்ப மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துச் செறிவைக் கணக்கிடுகிறோம். 'மட்டும்' என்ற சொல்லில்தான் வில்லங்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அமினோ அமிலத்தை அளந்து என்ன ஆகப்போகிறது?

சர்க்கரை சேர்க்காத குளிர்பானக் குப்பியைத் திருப்பிப் பாருங்கள். 'பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்று பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேம் உடலில் உடைந்து பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தரும். நமக்கு அதனால் ஒன்றுமில்லை. ஒரு நொதி அதை டைரோசினாக மாற்றிவிடும். சில குழந்தைகளுக்கு அந்த நொதி பிறப்பிலேயே வேலை செய்யாது. அவர்கள் ரத்தத்தில் பினைல்அலனின் குவிந்து மூளையின் வளர்ச்சியைக் கெடுத்துவிடும். இந்த நோய்தான் பினைல்கீட்டோனூரியா.

இதைக் கண்டுபிடித்த கதை ஒரு தாயின் விடாப்பிடியில் தொடங்குகிறது. 1934-இல் நார்வேயில், மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளிடமிருந்து ஏன் ஒரு விநோத வாடை வருகிறது என்று மருத்துவர் மருத்துவராகக் கேட்டுக்கொண்டே போனார் ஒரு பெண். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சொட்டுவிட்டுப் பார்த்தார். கரும்பச்சையாக மாறியது. அவர் வேதியியலும் படித்தவர் என்பதால் அந்தப் பச்சையின் காரணத்தை விடாமல் தேடி, பினைல்பைருவிக் அமிலம் என்று பிரித்தெடுத்துக் காட்டினார்.

இந்தக் குழந்தைகளுக்குப் புரதம் குறைந்த உணவுமுறையை வாராவாரம் சரி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தத்தில் இயல்பாக லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோமோல் இருக்கும் பினைல்அலனின், கடுமையான நிலையில் 1200-ஐத் தாண்டும். சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு 120 முதல் 360 வரைக்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். இரண்டு வாய் பருப்புச் சாதம் கூடுதலாகப் போனால் இந்த எண் நகரும். சர்க்கரை நோயாளி விரலில் குத்திப் பார்ப்பதுபோல் இவர்களும் வீட்டில் பார்த்துக்கொள்ள முடிந்தால் எப்படி இருக்கும் என்பதே இந்தத் துறையின் பெரிய ஆசைகளில் ஒன்று. வேறு பயன்களும் உண்டு. லியூசின் முதலிய கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்து உயர்கின்றன. ஹோமோசிஸ்டீன் உயர்ந்தால் இதயநோய் பற்றி யோசிக்கிறார்கள். ஆனால் எனக்குப் பினைல்அலனின்தான் முதலில் நினைவுக்கு வரும்.

மருத்துவமனையில்தான் ஏற்கெனவே அளக்கிறார்களே?

அளக்கிறார்கள், நன்றாகவே. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி ஓர் எளிய வழி கண்டார். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தத்தை வடிதாளில் ஒரு பொட்டாக வாங்கி, பாக்டீரியா வளரும் தட்டில் அந்தப் பொட்டை வைப்பது. பினைல்அலனின் அதிகமாக இருந்தால் பொட்டைச் சுற்றிப் பாக்டீரியா தழைக்கும். இன்று அதே வடிதாள் பொட்டு, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் இரட்டை நிறைநிரல்மானிக்குப் போகிறது. ஒரே ஓட்டத்தில் பல அமினோ அமிலங்கள் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் கருவிக்கு ஓர் அறை வேண்டும், குளிர்சாதனம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். பொட்டு தபாலில் போய் முடிவு திரும்பி வருவதற்குள் குழந்தை பல வேளை சாப்பிட்டிருக்கும். உணரி அந்த இயந்திரத்துக்குப் போட்டி என்று நினைக்க வேண்டாம். தபாலில் போகும் அந்த நாட்களைக் குறைப்பதுதான் அதன் வேலை.

குளுக்கோஸ் மீட்டரில் நொதி இருக்கிறது. இதற்கும் ஒரு நொதியை வைத்துவிட்டால் போயிற்று, பாலிமர் எதற்கு?

1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் குளுக்கோஸ் ஆக்சிடேஸை மின்முனையோடு சேர்த்துக் காட்டியபோது, அவர்கள் பக்கம் இரண்டு அதிர்ஷ்டங்கள் இருந்தன. ஒன்று, அந்த நொதி அசாத்திய உழைப்பாளி. சோதனைப் பட்டையில் காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். இரண்டு, ரத்தத்தில் குளுக்கோஸ் ஏராளம். வெறும் வயிற்றில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லிமோல், அதாவது பினைல்அலனினைப்போல் ஏறத்தாழ எண்பது மடங்கு.

அமினோ அமிலங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எல் வடிவ அமினோ அமில ஆக்சிடேஸ் எது வந்தாலும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், ஆள் பார்க்காது. பினைல்அலனின் டீஹைட்ரஜனேஸ் ஆளைப் பார்க்கும், ஆனால் உடன் ஒரு துணைநொதியையும் கேட்கும். எதிர்ப்பொருள் உருவாக்கலாம் என்றால் அமினோ அமிலம் மிகச் சிறிய மூலக்கூறு. உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பொருட்படுத்தவே செய்யாது. இந்த இடத்தில்தான் அச்சுப் பாலிமர் நுழைகிறது. வெயில், அமிலம், காரம், அலமாரியில் ஒரு வருடம் என எதையும் பொறுத்துக்கொள்ளும்.

அச்சு எப்படிப் பதிகிறது?

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெழுகில் உருவம் செய்து, சுற்றிலும் மண் பூசி, சூடாக்கி மெழுகை ஓடவிடுவார்கள். மெழுகு போன இடத்தில் உருவம் வெற்றிடமாக நிற்கும். இங்கே மெழுகின் இடத்தில் அமினோ அமிலம், மண்ணின் இடத்தில் பாலிமர். முதலில் அமினோ அமிலத்தையும், பாலிமரின் சிறு அலகான மோனோமரையும் கரைசலில் கலக்க வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பாலோ மின்சுமை ஈர்ப்பாலோ மோனோமர்கள் அதைச் சுற்றி அணிவகுக்கும். அந்த நிலையிலேயே பாலிமராக்கி இறுக்கிவிட்டு, பிறகு அமினோ அமிலத்தைக் கழுவி எடுக்க வேண்டும்.

ஸ்தபதி மண் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார். நமக்கு அச்சுதான் சரக்கு, உடைக்கக் கூடாது. உவமை அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

வரலாறு சுவையானது. எதிர்ப்பொருள் உடலில் எப்படி உருவாகிறது என்பதற்கு லைனஸ் பாலிங் 1940-இல் ஒரு விளக்கம் சொன்னார்: நுழைந்த அந்நியப் பொருளையே அச்சாக வைத்து எதிர்ப்பொருள் மடிகிறது என்று. அது தவறு. ஆனால் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் அவரிடம் மாணவராக இருந்த ஃபிராங்க் டிக்கி அதே எண்ணத்தைச் சிலிக்கா ஜெல்லில் முயன்றார். சாயத்தைக் கலந்து ஜெல்லை உருவாக்கி, சாயத்தைக் கழுவிய பிறகு பார்த்தால், ஜெல் அந்தச் சாயத்தையே அதிகமாக உறிஞ்சியது. 1949-இல் வெளியிட்டார். உயிரியலில் தோற்ற கருத்து பாலிமரில் பிழைத்துக்கொண்டது. பிறகு 1972-இல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் சகப்பிணைப்பு வழியாகக் கரிமப் பாலிமரில் அச்சுப் பதித்தார். சுவீடனின் லுண்ட் நகரில் கிளாஸ் மோஸ்பாக் குழு 1980-களில் சகப்பிணைப்பு இல்லாமலே மெத்தக்ரிலிக் அமிலம் என்ற மோனோமரை வைத்துச் செய்து காட்டியது. 1993-இல் தியோஃபிலின், டயஸிபாம் மருந்துகளை எதிர்ப்பொருளுக்குப் பதில் அச்சுப் பாலிமராலேயே அளக்கலாம் என்று அதே குழு வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

லுண்ட் குழுவின் புகழ்பெற்ற அச்சு மூலக்கூறுகளில் ஒன்று, பினைல்அலனினிலிருந்து செய்த பினைல்அலனின் அனிலைடு. ஏன் பினைல்அலனினையே வைக்கவில்லை? அமினோ அமிலங்கள் நேர்ச்சுமையும் எதிர்ச்சுமையும் சேர்ந்த இருமுனை அயனிகள். அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் எளிதில் கரையாது. தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆனால் அங்கே தண்ணீரே ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் போட்டிக்கு வந்துவிடும். இந்த இக்கட்டு இன்றும் தீர்ந்தபாடில்லை.

மின்முனை மேலேயே படலத்தை வளர்ப்பது எப்படி?

கண்ணாடிக் கார்பன் மின்முனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலுமினாத் துகளைத் துணித்தட்டில் குழைத்து, எட்டு எழுதுவதுபோல் மின்முனையைத் தேய்க்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளக்கும் வரை தேய்த்துவிட்டு, பொட்டாசியம் ஃபெரோசயனைடு, ஃபெரிசயனைடு கரைசலில் வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைக் கோடாக வரையும் சுழல் வோல்டாமெட்ரி ஓட்டினால், வாத்தின் தலைபோல் இரண்டு முகடுகள் மேலும் கீழுமாக வரும். முகடுகளுக்கு நடுவில் இடைவெளி நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் திரும்பவும் தேய்க்கப் போங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்கப் பார்த்தவர்கள் பின்னால் பத்து நாள் அழுதிருக்கிறார்கள்.

அடுத்து, அமிலத்தன்மை மாறாமல் காக்கும் அசிட்டேட் தாங்கல் கரைசலில் ஆர்த்தோ பினைலின்டையமினும் பினைல்அலனினும். டையமின் கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். காற்றுப் பட்டால் பழுப்பேறும். 0 முதல் 0.8 வோல்ட் வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். முதல் சுற்றில் பெரிய முகடு எழும். இரண்டாவதில் பாதி. பத்தாவதுக்குள் திரையில் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும். வளரும் படலம் மின்சாரத்தைக் கடத்தாது, தானே தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அதனால் படலம் மெலிதாகவும் ஒரே சீராகவும் அமைகிறது. இதெல்லாம் தண்ணீரிலேயே நடப்பதால், மேலே சொன்ன கரைப்பான் சிக்கலும் பெருமளவு குறைகிறது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த அரைமணி நேரம் இதுதான்.

இப்போது அதே ஃபெரோசயனைடு கரைசலில் வைத்தால் முகடு இருக்காது. கதவு அடைந்துவிட்டது. மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் கலக்கிக் கழுவுங்கள். முகடு கொஞ்சம் உயிர் பெறும். பினைல்அலனின் போன வழியாக ஃபெரோசயனைடு நுழைகிறது என்று பொருள். பினைல்அலனின் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்துவிட்டு மறுபடி பார்த்தால் முகடு தாழும். எவ்வளவு தாழ்ந்தது என்பதே அளவு.

அமினோ அமிலமே மின்முனையில் வினைபுரியாதா? ஃபெரோசயனைடு எதற்கு?

டிரிப்டோஃபேன், டைரோசின், சிஸ்டீன் போன்ற சிலவற்றுக்கு அந்தக் குணம் உண்டு. கார்பன் மின்முனையில் வசதியான மின்னழுத்தத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து தங்கள் முகட்டைத் தாங்களே காட்டும். பினைல்அலனின், லியூசின், வாலின், லைசின் எல்லாம் அந்த எல்லைக்குள் வாய் திறக்காது. அவற்றுக்காகப் பேச ஒரு தூதர் வேண்டும். ஃபெரோசயனைடு அந்தத் தூதர்.

நேரடியாக முகடு காட்டும் முறையை நான் அதிகம் நம்புவேன். அதில் அமினோ அமிலம் வந்தால் மின்னோட்டம் ஏறும். தூதர் முறையில் இறங்கும். இறங்குவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டாலும் மின்னோட்டம் இறங்கும். அதைப் பினைல்அலனின் என்று எண்ணி மகிழ்ந்தவர்கள் உண்டு. நானும் ஒருமுறை மகிழ்ந்தேன்.

அச்சு இல்லாத பாலிமரையும் செய்து பாருங்கள் என்று வழிகாட்டி வற்புறுத்துகிறார். இரட்டை வேலை அல்லவா?

அந்த வேலையைச் செய்யாவிட்டால் முதல் வேலைக்கும் பொருளில்லை. அமினோ அமிலம் இல்லாமல், மற்றெல்லாம் அதேபடி செய்த படலமும் பினைல்அலனினைக் கொஞ்சம் உறிஞ்சும். குழி இல்லாமலே மேற்பரப்பில் ஒட்டும். இரண்டு படலமும் பிடிக்கும் அளவின் விகிதத்தை அச்சுக் காரணி என்கிறோம். அது ஒன்றை ஒட்டி இருந்தால் உங்களிடம் இருப்பது வெறும் பசை. இன்னொரு பொறி, கழுவாமல் உள்ளே மிச்சமிருக்கும் அச்சு மூலக்கூறு. அளக்கும்போது மெல்லக் கசிந்து, வெறும் தாங்கல் கரைசலிலும் 'பினைல்அலனின் இருக்கிறது' என்று பொய் சொல்லும். கழுவிய நீரையும் அளந்து பாருங்கள்.

'மட்டும்' என்றீர்களே, லியூசினையும் ஐசோலியூசினையும் பிரித்தறியுமா?

இரண்டுக்கும் ஒரே வாய்பாடு, ஒரே நிறை. ஒரு மெத்தில் தொகுதி அடுத்த கார்பனுக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நிறையை மட்டும் பார்க்கும் வழக்கமான பிறப்புச் சோதனையில் நிறைநிரல்மானியே இவ்விரண்டையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. ஆகவே பாலிமர் தடுமாறினால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஓரளவு பிரிக்கும், முழுக்கப் பிரிக்காது. குழிகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. சில கச்சிதம், பல தொளதொள.

ஆடிபிம்ப வடிவங்களான எல், டி வகைகளைப் பிரிப்பது கேட்பதற்குக் கடினமாகத் தோன்றினாலும், அதில்தான் இந்தப் பாலிமர்கள் ஆரம்பத்திலிருந்து பேர் வாங்கின. வலது கைக்குத் தைத்த கையுறையில் இடது கை சரியாக நுழையாது. ஆனால் கொஞ்சம் பெரிய வலது கை எப்படியோ திணித்துக்கொண்டு நுழைந்துவிடும்.

அறிதல் எல்லை (உணரி பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவு) பீக்கோமோல், அதாவது மைக்ரோமோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கட்டுரைகளில் போடுகிறார்களே, பிரமாதம் அல்லவா?

ரத்தத்தில் 60 மைக்ரோமோல் இருக்கும் பொருளைப் பீக்கோமோலில் பிடித்து என்ன செய்ய? அவ்வளவு நுண்ணிய உணரி ரத்தத்தில் உடனே நிரம்பித் திக்குமுக்காடிவிடும். மாதிரியைப் பல ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்யலாம் என்பார்கள். நீர்க்கச் செய்வதில் வரும் பிழையை யார் தலையில் கட்டுவது? பினைல்கீட்டோனூரியாவுக்கு வேண்டியது 50 முதல் 1500 மைக்ரோமோல் வரை நேர்மையாக நடக்கும் உணரி. 300-க்கும் 400-க்கும் இருக்கும் வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் ஒரேபோல் சொல்ல வேண்டும். அந்த வேலை பத்திரிகைகளில் கவர்ச்சியாகத் தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது மூன்று: எத்தனை மின்முனைகளில் செய்தார்கள், உண்மையான ரத்தத்திலோ வியர்வையிலோ பார்த்தார்களா, அங்கீகரிக்கப்பட்ட வேறொரு முறையோடு ஒப்பிட்டார்களா. இந்த மூன்றும் இல்லையென்றால் அறிதல் எல்லையைப் படிக்கவே மாட்டேன்.

வியர்வையிலிருந்து அளக்கும் பட்டை வந்துவிட்டது என்கிறார்களே?

டிக்கி இருந்த அதே கால்டெக்கில், வெய் காவ் குழு 2022-இல் வெளியிட்டது. லேசரால் பொறித்த கிராஃபீன் மின்முனை, அதன் மேல் அச்சுப் பாலிமர். டிரிப்டோஃபேன், டைரோசின் போன்றவற்றை நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்து அளக்கிறார்கள். வாய் திறக்காத மற்றவற்றுக்குப் பாலிமருக்கும் கிராஃபீனுக்கும் நடுவில் பிரஷ்ய நீலத் துகள்களைத் தூதராகப் பதித்திருக்கிறார்கள். அதாவது தூதர் வெளியே கரைசலில் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். தோலில் ஒட்டும் பட்டைக்கு இது அவசியம், உடம்பில் ஃபெரோசயனைடை ஊற்ற முடியாது. ஓடிப்போய் வியர்க்க வேண்டியதும் இல்லை. சிறு மின்னோட்டத்தால் ஒரு மருந்தைத் தோலுக்குள் செலுத்தி, அந்த இடத்தை மட்டும் வியர்க்க வைக்கிறார்கள். அளந்து முடிந்ததும் மின்னழுத்தம் கொடுத்தே குழிகளைக் காலி செய்கிறார்கள். உடலால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களுக்கும் சில வைட்டமின்களுக்கும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அதில் பெரிதாகத் தோன்றுவது குழியைக் காலி செய்யும் பகுதி. அச்சுப் பாலிமர் உணரி பெரும்பாலும் ஒருமுறை நிரம்பினால் மெத்தனாலில் கழுவியே ஆக வேண்டும். கையில் கட்டிக்கொண்டு மெத்தனாலில் கழுவ முடியுமா? வியர்வையில் உள்ள அளவு ரத்தத்தில் உள்ள அளவை எந்த மட்டுக்குச் சொல்லும் என்பது அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் மாறும். தோலில் சேர்ந்திருக்கும் பழைய அமினோ அமிலங்களும் கலக்கும். மருத்துவர் அதை வைத்து உணவை மாற்றச் சொல்லும் நிலை வர இன்னும் தூரம் போக வேண்டும்.

இதை 'உயிரி உணரி' என்று அழைப்பது சரியா?

உலக வேதியியல் அமைப்பான ஐயுபேக்கின் வரையறைப்படி பார்த்தால் இல்லை. உயிரி உணரியில் நொதி, எதிர்ப்பொருள், செல் என ஏதாவதோர் உயிரியல் பகுதி இருக்க வேண்டும். இதில் இருப்பது பிளாஸ்டிக். 'உயிரிப்போலி உணரி' என்பதே சரி. ஆனால் துறையில் பாதிப்பேர் உயிரி உணரி என்றே எழுதுகிறார்கள், தேடினால் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். நேர்முகத் தேர்வில் கேட்டால் மட்டும் வரையறையைச் சொல்லுங்கள்.

பெற்றோராகக் கேட்கிறேன்: வீட்டில் வைத்துக்கொள்ள வாங்கலாமா?

குளுக்கோஸ் மீட்டர்போல் மருந்துக்கடையில் வாங்கும் பினைல்அலனின் மீட்டர் இன்னும் புழக்கத்தில் இல்லை. வடிதாள் பொட்டும் ஆய்வகமும்தான் இப்போதைக்கு நம்பத்தக்க வழி. யாராவது இணையத்தில் விற்றால் எந்த முறையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

எங்கள் கல்லூரியில் தொடங்க விரும்புகிறோம். எதிலிருந்து?

டிரிப்டோஃபேனிலிருந்து. தானே முகடு காட்டும், தூதர் தொல்லை இல்லை, விலையும் அதிகமில்லை. மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் ஒன்று வேண்டும். கையடக்கமானதே போதும். அச்சிட்ட கார்பன் மின்முனைகள் பெட்டியாகக் கிடைக்கும். ஆனால் முதல் மாதம் கண்ணாடிக் கார்பனையே தேய்த்துப் பழகுங்கள், கை பழக வேண்டும். மோனோமராகப் பைரோல் அல்லது ஆர்த்தோ பினைலின்டையமின். இரண்டையும் காற்றோட்டப் பெட்டிக்குள், கையுறையோடு மட்டுமே எடுங்கள். டையமின் தோலில் பட்டால் நல்லதல்ல.

ரத்தத்துக்கு உடனே ஓட வேண்டாம். முதலில் தாங்கல் கரைசல், பிறகு டிரிப்டோஃபேனோடு டைரோசினும் அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் கலந்தது. டிரிப்டோஃபேன் முகடும் டைரோசின் முகடும் பக்கத்துப் பக்கத்தில் எழும் என்பதால், உங்கள் அச்சு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பது அந்தக் கலவையில்தான் வெளிப்படும். அச்சு இல்லாத படலத்தையும் அதே நாளில், அதே கரைசலில், அதே ஆள் ஓட்டட்டும்.